ஒரு வாளிக் காற்று

ஐசக் அசிமோவ் தொகுத்த ‘டுமாரோஸ் சில்ட்ரன்’, 1966. 18 கதைகள். பெரும்பாலும் பத்திரிகைக் கதைகள். புரூக்ளினில் அப்பாவின் மிட்டாய்க் கடைக்கு விற்பனைக்கு வந்த இதழ்களைப் படித்தே அறிவியல் புனைகதைக்குள் வந்தவர் அசிமோவ்.

*

தொகுப்பில் ஒன்று, ஜெரோம் பிக்ஸ்பியின் ‘இட்ஸ் எ குட் லைஃப்’. மூன்று வயது ஆந்தனி நினைத்ததெல்லாம் நடக்கும். பிறர் நினைப்பதும் அவனுக்குக் கேட்கும். அதனால் என்ன கொடுமை நடந்தாலும் ஊரே “நல்லது, ரொம்ப நல்லது” என்கிறது. நடுங்க வைக்கும் கதைதான். ஆனால் படித்து முடித்தபின் பெரியவர்களின் பயம் நினைவிருக்கிறது, பிள்ளையின் முகம் இல்லை. அபார சக்தி கொடுத்தால் குழந்தை மறைந்துபோகிறது.

*

ஃப்ரிட்ஸ் லைபரின் ‘எ பெய்ல் ஆஃப் ஏர்’ (கேலக்ஸி, டிசம்பர் 1951) இதற்கு நேர் எதிர். இருண்ட நட்சத்திரம் ஒன்று பூமியைச் சூரியனிடமிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டது. காற்றே உறைந்து தரையில் கிடக்கிறது. பையனுக்கு எந்தச் சக்தியும் கிடையாது; வாளியோடு வெளியே போய் காற்று அள்ளி வரவேண்டும். குழாயடிக்குக் குடம் தூக்கிப் போகிற பிள்ளையின் சலிப்பும் பொறுப்பும் அவனிடம்.

அடியில் தண்ணீர்ப் பனி, அதன்மேல் கார்பன் டை ஆக்சைடு, பிறகு நைட்ரஜன், அதற்கும் மேலே ஆக்சிஜன். நைட்ரஜன் மைனஸ் 210 டிகிரியில் உறையும், ஆக்சிஜன் மைனஸ் 219-இல். கடைசியில் உறைவது மேலே படியும். தோண்ட வேண்டாம், மேலாக அள்ளினால் போதும். கணப்பருகே வாளியை வைத்தால் அதுவே குடும்பத்தின் மூச்சு. அறிவியலை இவ்வளவு இயல்பாக வீட்டுவேலையாக்கிய கதை வேறொன்று எனக்குத் தெரியாது.

*

பிராட்பரி கதையில் வரும் சிறுமி மார்காட்டுக்கும் எந்தச் சக்தியும் கிடையாது. ஓயாமல் மழை பெய்யும் வெள்ளிக் கிரகத்தில், ஏழு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம்தான் வெயில். பூமியிலிருந்து வந்தவள், சூரியனை நினைவில் வைத்திருக்கிறாள். அவ்வளவே அவள் தனித்தன்மை. அதற்காகவே வகுப்புப் பிள்ளைகள் அவளை அலமாரிக்குள் பூட்டுகிறார்கள்.

*

அசிமோவின் சொந்தக் கதையில் வரும் டிம்மி, கற்காலத்திலிருந்து இழுத்துவரப்பட்ட நியாண்டர்தால் சிறுவன். இழுத்துவந்த நிறுவனத்துக்கு ஆய்வுப் பொருள், நாளிதழ்களுக்குக் குரங்குப் பையன். செவிலி எடித் ஃபெலோஸுக்கும் முதலில் அருவருப்புதான். குளிப்பாட்டி, சோறூட்டி, பேசக் கற்றுத்தருவதற்குள் அவன் அவள் பிள்ளையாகிவிடுகிறான். இடம் தேவைப்படுகிறது என்று அவனைத் திருப்பி அனுப்ப முடிவெடுக்கிறார்கள். கையெழுத்து, கணக்கு, ஆயிற்று. அவள் அவனோடு போய்விடுகிறாள். ரோபோக்களையும் விண்பேரரசுகளையும் எழுதிக் குவித்தவர் தமக்கு மிகப் பிடித்த தம் கதைகளில் இதையும் சேர்த்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.