வேங்கடத்தைச் சுற்றி இரண்டு நாள்

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் நம்மவருள் திருப்பதிக்குச் செல்லாதார் மிகச் சிலர். ஆயின் செல்லும் முறைதான் விந்தையானது. நள்ளிரவில் சென்னையில் வண்டி ஏறுகிறோம், மலையில் வரிசையில் நிற்கிறோம், முடிகாணிக்கை செலுத்துகிறோம், லட்டுப் பையும் கையுமாக மறுநாள் இரவே திரும்பிவிடுகிறோம். கடல் கடந்து வந்தவர்கள், மலையடியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்திற்குள் இருப்பவற்றைக் காணாமற் போவது நமக்கு வருத்தம் தருகிறது. பயணத்தோடு இன்னும் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுமாறு சங்க அன்பர்களை, குறிப்பாகப் பிள்ளைகளோடு செல்பவர்களைக் கேட்டுக்கொள்ளவே இதனை எழுதுகிறோம்.

தமிழ் வழங்கும் நிலத்திற்கு வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறித்தது இவ்வேங்கட மலையையே. மலைக்கோயிற் கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. கி.பி. 966-இல் சாமவை என்னும் பல்லவ அரசி வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்து, வழிபாட்டிற்கு நிலமும் வழங்கினாள்; அச்செய்தி நமக்குத் தமிழ்க் கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. அத்திருமேனி இன்றும் வழிபாட்டில் உள்ளது. கருவறை வாயிற்படி குலசேகர ஆழ்வார் பெயரால் வழங்குகிறது. மார்கழியில் சுப்ரபாதத்திற்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. வரிசையில் நிற்கும்பொழுது இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நேரத்திற்கு அங்குக் குறைவில்லை!

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபொழுது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. அவ்வழக்கை மீண்டும் கிளப்புவது நம் நோக்கமன்று. நகரி, புத்தூர்ப் பக்கத்தில் இரு மொழியும் ஒரே தெருவில் இன்றும் வழங்குகின்றன. தமிழில் வழி கேட்டால் தமிழிலேயே விடை வருகிறது. நம் பிள்ளைகள் அம்மண்ணை முற்றிலும் அயல் மண்ணாக எண்ணி வளர்வார்களாயின், அதற்கு ஆந்திரர் பொறுப்பல்லர்.

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியே செல்வது நன்று. எல்லை தாண்டியதும் சுருட்டப்பள்ளி. சிவபெருமானை இலிங்க வடிவிற் காண்பதே நம் பழக்கம்; இங்கோ நஞ்சுண்ட அயர்வில் அம்மையின் மடியில் தலை வைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார். அடுத்து, கிருஷ்ணதேவராயர் தம் அன்னை பெயரால் அமைத்த நாகலாபுரம். பின்னர்ப் புத்தூர். கை கால் முறிந்தால் ‘புத்தூர்க் கட்டு’ப் போடச் சொல்லும் பாட்டிமார் குறிப்பது இவ்வூரைத்தான்.

மலைத் தரிசனம் முடிந்த மறுநாளைத் திருப்பதியின் சுற்றுப்புறத்திற்கென ஒதுக்குக. மேற்கே சந்திரகிரிக் கோட்டையை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். விசயநகர அரசின் பிற்காலத் தலைநகர் அது. 1639-இல் ஆங்கிலக் கும்பினிக்குக் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் கொடுத்த நாயக்கர் இவ்வரசுக்கு உட்பட்டவர். அத்துண்டு நிலத்திலிருந்தே இன்றைய சென்னை வளர்ந்தது.

பிறகு கிழக்கே திரும்பிக் குடிமல்லம் செல்க. கண்ணாடி மணித் தொழிலுக்குப் பேர்போன பாப்பாநாயுடுபேட்டையை அடுத்த சிற்றூர் இது. கிறித்து பிறப்பதற்கு முற்பட்டதென்று அறிஞர் பலர் கருதும் இலிங்கம் இங்கு உள்ளது. ஆளுயரக் கல்லில், குள்ளன் ஒருவன் தோள்மீது ஏறி நிற்கும் சிவனுருவம். ஒரு கையில் ஆட்டுக்கடா, மறு கையில் கலம். பூசாரி விளக்கை உயர்த்திக் காட்டியபொழுது நம்முடன் வந்தோர் பேச்சொழிந்து நின்றனர். கூட்டமில்லை, யாரும் நம்மைத் தள்ளவில்லை. வெளியே வந்து சுவரிலுள்ள சோழர் காலத் தமிழ் எழுத்துகளைக் காட்டினோம். வார இறுதி வகுப்பில் அரைமனத்தோடு தமிழ் பயிலும் நம் வீட்டுச் சிறுமி விரலால் தடவிப் பார்த்து, “இது ‘ம’, இது ‘ட’” என்று எண்ணத் தொடங்கினாள். சொல் ஒன்றும் விளங்கவில்லை; எனினும் அவளை அங்கிருந்து கிளப்ப அரைமணி நேரம் ஆயிற்று.

அடுத்தது காளத்தி. மூவரும் பாடிய தலம். கோயிலை ஒட்டிப் பொன்முகலி ஆறு. கண்ணையே அப்பிய வேடர் திண்ணனாரின் ஊர்தி அன்பைக் கேட்காத தமிழ்ப் பிள்ளை உண்டோ? இராகு கேது பூசைக்கு வருவோர் பலர். பக்கத்துக் கண்ணப்பர் குன்றில் ஏறுவோர் சிலர். ஏறுங்கள்; மேலிருந்து காணக் கோபுரங்கள் அழகாகத் தோன்றும். 1516-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய பெருங்கோபுரம் 2010 மே 26-இல் சரிந்து வீழ்ந்தது. அதனிடத்தில் எழுந்த புதுக் கோபுரத்திற்கு 2017-இல் குடமுழுக்கு நடந்தது. ஊருக்குள் கலம்காரித் துணி வரைவோரையும் காணலாம்: மூங்கிற் குச்சியே எழுதுகோல், வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறிய நீரே கருநிறம். விலை மிகுதி என்று நம்மவர் முணுமுணுப்பர். வரைவதைச் சிறிது நேரம் நின்று பார்த்தபின் நாம் பேரம் பேசவில்லை. அருகே தொண்டமானாடு. தொண்டை நாட்டைச் சோழருக்கு ஆக்கிய முதலாம் ஆதித்தன் துஞ்சிய இடம். அவன் மகன் பராந்தகன் எடுத்த பள்ளிப்படைக் கோயில் இன்றும் நிற்கிறது.

இரண்டாம் நாள் கடற்கரை. 2022-இல் தனியே அமைந்த திருப்பதி மாவட்டத்துள் சூளூர்ப்பேட்டையும் அடங்கியது. காளத்தியிலிருந்து நாயுடுபேட்டை வழியே சென்றால் முதலில் நேலப்பட்டு. ஏரியில் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையோ பழவேற்காட்டு ஏரியின் நடுவே ஓடுகிறது. சந்திரயான்-3 2023 சூலை 14-இல் புறப்பட்ட தீவு அது. ஏவுகணை எழும் நாளில் பார்வையாளர் மாடத்திலிருந்து காண முன்பதிவு தேவை. மற்ற நாளில் சாலையும் ஏரியுமே காட்சி. மார்கழி, தை மாதங்களில் இருமருங்கிலும் பூநாரைகள் கூட்டமாய் மேயும். காலையிலேயே செல்க, வெயில் ஏறினால் அவை தொலைவில் வெண்புள்ளிகளாகவே தெரியும். தொலைநோக்கி ஒன்று இருப்பின் நலம். அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அன்றிரவே விமானம் ஏறுவோர்க்கும் நேரம் போதும்.