எக்ஸ்ரே மட்டும் போதாது

கழுத்து எலும்புத் தேய்மானம் என்று எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னதும், என் தலைசுற்றலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. காலர் மாட்டிக்கொண்டேன், மாத்திரை சாப்பிட்டேன். கழுத்து இன்னும் இறுகியதே தவிர சுற்றல் நிற்கவில்லை.

ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். அவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. இதைச் சொன்னவர் அடுத்து நான் பார்த்த காது, மூக்கு, தொண்டை மருத்துவர். படத்தைக் கையில் வாங்கும் முன்பே அவர் கேள்விகளைத் தொடங்கிவிட்டார். அறை சுழல்கிறதா, நடை தள்ளாடுகிறதா? எவ்வளவு நேரம்? படுக்கையில் புரண்டால் வருகிறதா? படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, கண்விழி துடிக்கிறதா என்று கவனித்தார். 1952இல் மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும் விவரித்த சோதனை அது. உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் பெயர்ந்திருந்தால் பெரும்பாலும் இதில் தெரியும். அதற்கு வைத்தியமே வேறு. எனக்கு விழி துடிக்கவில்லை.

அடுத்துப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். உதவியாளர் நாற்காலியைத் திருப்பினார். தலை அசையாததால் உள்காதுக்கு வேலையில்லை. முறுகியது கழுத்து மட்டும்தான். சுற்றல் வந்தது. மேல்கழுத்து மூட்டுகளும் தசைகளும்கூடத் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. கண்ணும் காதும் சொல்வதோடு அது ஒத்துப்போகாவிட்டால் தள்ளாட்டம் வரும். இந்தச் சோதனையை மட்டும் வைத்து அவர் முடிவு கட்டவில்லை. மற்ற காரணங்கள் விலகியிருந்தன, கழுத்து வலி வரும்போதெல்லாம் சுற்றலும் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கழுத்து என்றார்.

காலர் கழன்றது. இறுகிய மேல்கழுத்தைக் கையாலேயே இளக்கினார். நெற்றிப் பட்டையில் லேசர் விளக்கைக் கட்டி, சுவரில் ஒட்டிய தாளின் நடுவில் ஒளி விழும்படி உட்காரவைத்தார். கண்ணை மூடித் தலையைத் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். கண்ணைத் திறந்தால் சிவப்புப் புள்ளி நாலு விரற்கடை தள்ளி நிற்கும். வீட்டிலும் விடாமல் பழகினேன். புள்ளி நடுவை நெருங்க நெருங்கத் தள்ளாட்டமும் குறைந்தது.

தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கைகால் வலுவிழந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். மற்றபடி, எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துக் கழுத்துதான் என்று யார் சொன்னாலும், காதையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.