சக்கரங்கள் சொல்வதை நம்பும் கணினி

கொட்டிவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் தெரு ஒன்றில் என் பட்டறை இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பெரிய எஸ்.யூ.வி. வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஃபோர் வீல் டிரைவ் உள்ள வண்டியைக் கொண்டுவருபவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, ஃபோர் வீல் லைட்டு மினுக்கிக்கிட்டே இருக்கு. பட்டனை அமுக்கினா ஒண்ணும் ஆகல. ட்ரான்ஸ்ஃபர் கேஸே போச்சுன்னு சொல்றாங்க."

ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்பது சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் பெட்டி. புதிதாக மாற்றுவது பெருஞ்செலவு. பொறுமையாகத் தேடினால், குறை அநேகமாக அதற்கு வெளியே இருக்கும். தேய்ந்த டயர், பிடிப்பு விட்ட எர்த் ஒயர், களிம்பு ஏறிய கனெக்டர் என்று ஏதாவது ஒன்று. இந்தத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் இதுதான். மின்னணு ஃபோர் வீல் டிரைவின் கணினிக்குச் சாலை தெரியாது, சேறும் தெரியாது. சென்சார்கள் சொல்வதை அப்படியே நம்பி முடிவெடுக்கிறது. அதற்குப் போகும் செய்தி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மெக்கானிக்கின் முதல் வேலை.

பழைய ஜீப்பில் இந்த முடிவை ஓட்டுநரே எடுத்தார். லீவரை இழுத்தால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் இறுகப் பூட்டிக்கொள்ளும். சேற்றில் அது அருமையான ஏற்பாடு, தார்ச்சாலையில் தொல்லை. வண்டி வளையும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அகன்ற வட்டத்தில் ஓடுவதால் அதிக தூரம் உருள வேண்டும். இரண்டையும் பூட்டிவைத்தால் அந்த வித்தியாசத்துக்கு வழியில்லை. மண் தரையில் ஏதாவது ஒரு டயர் சறுக்கிச் சரிசெய்துவிடும். காய்ந்த தாரில் சறுக்க முடியாததால் முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டிலும் பல்சக்கரங்களிலும் தேங்கும். ஸ்டியரிங் கனக்கும், லீவர் திரும்பி வராமல் அடம்பிடிக்கும்.

முழுதாகப் பூட்டாமல், வேண்டிய அளவுக்கு மட்டும் பிடித்தால் என்ன? மின்னணு முறை இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில். 1989இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரில் கணினி கட்டுப்படுத்தும் கிளட்ச் ஒன்று தேவைக்கேற்ப முன்சக்கரங்களுக்குச் சக்தி அனுப்பியது. 1995 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் இதே எண்ணத்தைக் குடும்ப வண்டிக்குக் கொண்டுவந்தது. பிறகு நம் சென்னைக்கும் வந்தது. 2014இல் ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டரில் ஃபோர் வீல் டிரைவ் கிடைத்தது. அடிப்படையில் அது முன்சக்கர இயக்க வண்டி. பின் ஆக்சிலுக்கு முன்னால் உள்ள மின்காந்தக் கப்ளிங்தான் பின்சக்கரங்களைச் சேர்த்துக்கொள்கிறது. 2016இல் மறைமலை நகரிலிருந்து வந்த புது ஃபோர்டு எண்டெவர் இதற்கு நேர் எதிர். அதில் பின்சக்கரங்கள் முதன்மை. ட்ரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள கிளட்ச் முன்சக்கரங்களுக்குப் பங்கு கொடுக்கிறது.

இத்தகைய கிளட்சின் உள்ளே உள்ள அமைப்பை எத்தனை முறை பிரித்துப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. எண்ணெயில் ஊறிய தட்டுகள் அடுக்காக இருக்கும். அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்று ஒரு ஷாஃப்ட்டோடும், மீதி மற்ற ஷாஃப்ட்டோடும் சேர்ந்து சுழலும். அடுக்கை அழுத்தினால் சக்தி கடக்கும், விட்டால் கடக்காது. அழுத்துவதற்கு மிகப் பெரிய விசை வேண்டும். ஆனால் அங்கே இருப்பதோ சில ஆம்பியர் மின்சாரம் வாங்கும் ஒரு காயில்தான்.

இடையில் இருக்கும் இரண்டு எஃகு வளையங்கள் இதைச் சாத்தியமாக்குகின்றன. அவற்றின் முகங்களில் சரிவான பள்ளங்கள் வெட்டியிருக்கும். பள்ளங்களில் உருண்டைகள் உட்கார்ந்திருக்கும். காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் ஒரு வளையத்தின் ஓட்டம் லேசாகத் தடைப்படும். இரண்டுக்கும் வேக வித்தியாசம் வந்ததும் உருண்டைகள் சரிவில் ஏறி வளையங்களைப் பிரித்துத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் தட்டுகளை நெரிக்கிறது. காந்தம் தொடங்கி மட்டும் வைக்கிறது. பெரிய விசை வண்டியின் சுழற்சியிலிருந்தே வருகிறது. கணினி அந்த மின்சாரத்தை ஒரு நொடிக்குள் பல முறை விட்டு விட்டுக் கொடுக்கும். விடும் நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ பிடியின் அளவைத் தீர்மானிக்கும்.

எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கு நான்கு சக்கரங்களின் வேகம், ஸ்டியரிங் கோணம், ஆக்சிலரேட்டரின் அழுத்தம், வண்டி பக்கவாட்டில் திரும்பும் வேகம் எல்லாம் கணக்கில் வரும். நின்ற இடத்திலிருந்து அழுத்தி எடுத்தால் சறுக்கும் முன்பே பிடிக்கும். பார்க்கிங்கில் முழுதாக ஒடித்துத் திருப்பினால் தளர்த்திவிடும். ஏ.பி.எஸ். பிரேக் வேலை செய்யும்போதும் விட்டுவிடும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகச் சுழன்றால்தான் ஏ.பி.எஸ். சரியாகக் கணிக்க முடியும்.

இங்கேதான் டயர் முக்கியமாகிறது. 265/60 ஆர்18 அளவுள்ள புது டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 411 சுற்று சுழலும். 5 மில்லிமீட்டர் தேய்ந்த அதே டயர் சுமார் 416 சுற்று சுழலும். பின்னால் தேய்ந்ததை வைத்துக்கொண்டு முன்னால் மட்டும் புதிதாக இரண்டு போட்டால், நேரான சாலையிலும் பின்சக்கரங்கள் ஓயாமல் சறுக்குவதுபோலக் கணினிக்குத் தெரியலாம். கணினி அதைச் சறுக்கல் என்று எடுத்துக்கொண்டால் கிளட்சைப் பிடித்துக்கொண்டே இருக்கும். தட்டுகள் உரசி எண்ணெய் கொதித்து நிறம் மாறும். திருப்பத்தில் வண்டி உதறும். சிறு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் கணினி அமைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. அதனால் இப்படி உதறலோடு வரும் வண்டியில் நான் முதலில் எடுப்பது ஸ்பேனர் இல்லை, டயரின் பள்ள ஆழம் பார்க்கும் கேஜ். பிறகு காற்றழுத்தம். அதன் பிறகே ஸ்கேனர்.

கூடுதல் இழுவைக்கான லோ ரேஞ்சில் வேறொரு சிக்கல். இதைச் சேர்ப்பது கிளட்ச் இல்லை. ஒரு சிறிய மோட்டார். அது ஃபோர்க்கைத் தள்ளிப் பல்லோடு பல்லைக் கோக்கும். எந்த இடம்வரை நகர்ந்தது என்று ஒரு சென்சார் சொல்லும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மிதித்திருந்தால்தான் பல வண்டிகளில் கணினி இதற்குச் சம்மதிக்கும். பல் நேர் எதிரே பல் நின்றுவிட்டால் கோக்க முடியாது, விளக்கு மினுக்கும். உடனே பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குகிறார்கள். வண்டியை ஒரு அடி உருளவிட்டாலே பல் பொருந்திக்கொள்ளும்.

எங்கள் கடலோரத்தின் தனி எதிரி உப்பு. வண்டிக்கு அடியில் இருக்கும் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு படியும். மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் முழுதாகக் காட்டும், மோட்டாரோ அசையாது. மீட்டர் மின்சாரம் வாங்குவதே இல்லை என்பதுதான் காரணம். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். அந்த லைனில் 55 வாட் ஹாலஜன் பல்பை மாட்டிப் பாருங்கள். அது நாலரை ஆம்பியருக்கு மேல் கேட்கும். உளுத்துப்போன ஒயர் அங்கே மாட்டிக்கொள்ளும். பட்டறையில் வேலை கற்க வரும் தம்பிகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லித்தருகிறேன். ஸ்கேனரில் வரும் எரர் கோடு எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று மட்டும் சொல்லும். வீட்டைக் கண்டுபிடிப்பது கையில் பல்பு வைத்திருப்பவனின் வேலை.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்த வண்டிகள் தண்ணீரில் இறங்கின. எண்டெவருக்கு நிறுவனம் சொன்ன நீராழ எல்லை 800 மில்லிமீட்டர். நான்கு சக்கரமும் இழுக்கிறது என்பதால் என்ஜின் தண்ணீரைக் குடிக்காமல் இருக்காது. இன்னொன்றும் உண்டு. ஓடிச் சூடான ட்ரான்ஸ்ஃபர் கேஸும் ஆக்சிலும் திடீரென்று தண்ணீரில் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்றுக்குழாய் கழன்றிருந்தாலோ அடைத்திருந்தாலோ அந்த உறிஞ்சலில் குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீர் உள்ளே போய்விடும். வெள்ளத்தில் ஓட்டிய வண்டியின் எண்ணெயைக் கட்டாயம் பாருங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் அன்றே மாற்றுங்கள். அதுவும் தயாரிப்பாளர் குறித்த எண்ணெயாகவே இருக்கட்டும். தட்டுகளின் உரசல் அதை நம்பித்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது.

மழைநாளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி தைரியமாகக் கிளம்பும். ஆனால் நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் அதே நான்கு பிரேக்குகள்தான், அதே டயர்கள்தான். வேகத்தை இந்த உண்மைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வண்டியைச் சோதிக்க எங்கள் கடற்கரை மணலில் இறக்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் இரவில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். 1988 முதல் இது நடக்கிறது. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி மணலை இறுக்கிவிடும். அதன் தடத்தில் விழுந்த குஞ்சு கடலைச் சேராமல் போகலாம். மீனவர்களின் வலையும் படகும் இருக்கும் இடமும் அதுதான். ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு காலி மண் மனை போதும். மனைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மாதம் ஒருமுறை அங்கே லோ ரேஞ்சைப் போட்டு சில அடி உருட்டுங்கள். மோட்டார் இறுகாமல் இருக்கும். டயரை மாற்றினால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். பெரிய பெட்டியை மாற்றச் சொன்னால், முதலில் எர்த்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.