ஐந்து பேர் நிற்கக்கூடிய மேசை

கலைப்பீடத்துப் பிள்ளை ஒருத்தி ரொபோ செய்கிற மேசையைப் பற்றி எழுதினால், "உமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கு ஆர்டுயினோவுக்கு ஒரு வரி எழுதத் தெரியாது. நான் படிக்கிறது சமூகவியல். ஆனால் ஒரு ரொபோவைச் சுற்றி ஐந்து பேர் நிற்கும்போது யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், ஸ்க்ரூட்ரைவர் யாருடைய கையில் இருக்கிறது, யார் ரோர்ச் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் எங்கட பாடத்துக்குள்தான் வருகிறது.

எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில் உயர்தரம் படிக்கிற ஐந்து பேர் சேர்ந்து ஒரு ரொபோ குழு வைத்திருக்கிறார்கள். மூன்று பெடியள், இரண்டு பெட்டையள். அதில் ஒருத்தி என்ர தங்கச்சி. கோட்டைப் பார்த்து ஓடுகிற ரொபோ செய்து போட்டிகளுக்குப் போவதுதான் அவர்களின் வேலை. மஞ்சள் கியர் மோட்டர் இரண்டு, முன்னுக்கு ஒரு வரிசை இன்ஃப்ராரெட் சென்சர், ஒரு பற்றரி, ஒரு போர்ட். பார்க்கச் சின்னச் சாமான்தான். ஆனால் அதைக் கழற்றிப் பூட்டுகிறதுக்கு ஒழுங்கான இடம் கிடையாது. பேப்பர் வாசிக்கிற மேசையில்தான் எல்லாம் நடந்தது. காலையில் ஐயாமார் பேப்பர் வாசிக்க வருமுன் கடைசி ஸ்க்ரூ வரைக்கும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

பின்னறையைக் கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லித்தான் என்னிடம் வந்தார்கள். "அக்கா, நீங்க ஆர்ட்ஸ்தானே, வடிவா எழுதுவீங்கள்." எழுதிக் குடுத்தேன். நிர்வாகம் மறுக்கவில்லை, ஒரு கேள்விதான் கேட்டது: எவ்வளவு இடம் வேணும்? கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் குடுக்கிற கதிரைகள் அந்த அறையில்தான் அடுக்கிக் கிடக்கின்றன. அதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. ஆகவே நான் அளக்கத் தொடங்கினேன்.

அளக்கிறதுக்கு முதல் ஒரு பின்னேரம் சும்மா இருந்து பார்த்தேன். பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை, யாருடைய கையில் என்ன இருக்கிறது என்று கொப்பியில் குறித்தேன். வகுப்பில் படிப்பிக்கிற முறைதான். இரண்டு மணித்தியாலத்தில் பன்னிரண்டு தடவை. ஒரு தடவைகூட தங்கச்சியின் கையிலோ மற்றப் பிள்ளையின் கையிலோ ஸ்க்ரூட்ரைவர் இருக்கவில்லை. ஒருத்தி போனில் ரோர்ச் அடித்தாள். மற்றவள் அறிக்கை எழுதினாள்.

பெடியளைக் குறை சொல்லி எழுத நான் வரவில்லை. "நீ தொடாத" என்று அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. பேப்பர் மேசை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ரொபோ நடுவில். அதற்கு முன்னால் தோளோடு தோள் இரண்டு பேர்தான் நிற்கலாம். முதல் வருகிற இரண்டு பேருக்கு அந்த இடம் போய்விடும். பெட்டையள் வீட்டில் நாலு வேலை முடித்துவிட்டுப் பிந்தித்தான் வருவார்கள். பிந்தி வருகிறவர்களுக்கு மிஞ்சுவது ரோர்ச்சும் பேனையும். ஒரு வருசம் இப்படியே போனால் இரண்டு பேருக்கு ரொபோ தெரியும். மூன்று பேருக்கு ரொபோவைப் பற்றித் தெரியும்.

இதை யோசித்துக்கொண்டு இருக்கும்போதுதான் லிலியன் கில்பிரெத் பற்றி வாசித்தேன். தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களின் அசைவுகளைப் படம்பிடித்து, எந்த அசைவு வீண் என்று ஆராய்ந்த அமெரிக்கப் பெண். பொறியியலாளர்கள் கொண்டாடுகிற இவருடைய முதல் பட்டம் இலக்கியத்தில்; 1900இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வாங்கியது. பிறகு உளவியலில் கலாநிதிப் பட்டம். 1920களின் கடைசியில் அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். அடுப்பும் தொட்டியும் மேசையும் எவ்வளவு கிட்ட இருக்க வேண்டும், எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று பார்த்தார். சாமானுக்கு ஏற்றபடி ஆள் குனியக்கூடாது, ஆளுக்கு ஏற்றபடி சாமான் இருக்கவேண்டும் என்பது அவருடைய அடிப்படை.

அதே காலத்தில், 1926இல், ஜேர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்து வீடமைப்புக்காக மார்கரெட்ட ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் ஒரு சமையலறை வடிவமைத்தார். ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம். ரயில் பெட்டிச் சமையலறையைப் பார்த்து எடுத்த யோசனை. நின்ற இடத்தில் திரும்பினால் எல்லாம் கைக்கு எட்டும். ஆனால் பிற்காலத்துப் பெண்ணியவாதிகள் ஒரு குறை சொன்னார்கள்: அதற்குள் ஒரு ஆள்தான் வேலை செய்யலாம். உதவிக்குக்கூட இன்னொருவர் வர ஏலாது. வேலை சுகமாகியது, அந்த வேலைக்குள் பெண் தனியாகிப் போனாள்.

எனக்கு வேண்டிய பாடம் இதுதான். இணையத்தில் பார்க்கிற ரொபோ மேசைகள் முக்கால்வாசி சுவரோடு ஒட்டினவை. ஒரு ஆளுக்கு எல்லாம் கைக்கு எட்டும். தனியாக வேலை செய்கிறவருக்கு அது நல்லது. ஐந்து பேர் பழகவேண்டிய இடத்துக்குச் சரிவராது.

ஆகவே முதல் முடிவு: மேசையின் குறுகிய பக்கம் மட்டும் சுவரில் முட்ட வேண்டும். மிச்ச மூன்று பக்கமும் திறந்திருக்க வேண்டும். பின்னறை 12 அடிக்கு 10 அடி. கதிரைகளுக்கு 4 அடியை விட்டால் 8 அடிக்கு 10 அடி மிஞ்சும். மேசை 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம். இரண்டு பக்கமும் இரண்டே முக்கால் அடி நடைபாதை கிடைக்கும். நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் இரண்டு பேர், முனையில் ஒரு ஆள். அகலம் இரண்டரை அடிக்கு மேல் போகக்கூடாது என்று நின்றேன். ஒரு பக்கத்தில் நிற்கிறவர் கையை நீட்டி நடுவில் இருக்கிற ரொபோவின் மறுபக்க ஸ்க்ரூவையும் தொட வேண்டும்.

உயரத்துக்கு ஐந்து பேரின் முழங்கையையும் நிலத்தில் இருந்து அளந்தேன். ஆகக் குறைவு தங்கச்சி, 37 அங்குலம். ஆகக் கூட 42. நின்று செய்கிற இலேசான கைவேலைக்கு மேசை முழங்கைக்கு நாலு அங்குலம் போலக் கீழே இருப்பது நல்லது. சராசரி எடுப்போம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. உயரமான ஆளுக்கு ஒரு பலகையைக் கீழே வைத்து வேலையை உயர்த்திக் குடுக்கலாம். கட்டையான ஆளுக்கு மேசையைத் தாழ்த்திக் குடுக்க ஏலாது. 33 அங்குலம் என்று முடிவாகியது. சோல்டர் பண்ணுகிறது நுணுக்கமான வேலை. அது முழங்கைக்குக் கொஞ்சம் மேலே இருந்தால்தான் கழுத்து தப்பும். அதற்கு ஒரு சின்னப் பெட்டி மேடை.

ப்ளைவுட் 8 அடிக்கு 4 அடித் தாளாக வரும். ஒரே ஒரு தாள் வாங்கத்தான் காசு இருந்தது. 18 மில்லிமீற்றர் தடிப்பு. முதலில் 5 அடியில் குறுக்கே வெட்டினோம். அந்த 5க்கு 4 துண்டில் இரண்டரை அடி மேசைப் பலகை, ஒன்றரை அடி கீழ்த்தட்டு. மிஞ்சின 3க்கு 4 துண்டில் சுவரில் அடிக்கிற ஆயுதப் பலகை ஒன்று, மீதியில் தட்டமும் சின்ன மேடைகளும். கால்களுக்கு, வீட்டுக் கூரை மாத்தினபோது கழற்றின பனஞ்சிலாகை கிடந்தது. தச்சுவேலை செய்கிற சித்தப்பா அதில் துளை போடவே ஒரு பின்னேரம் எடுத்தார். "பிள்ளை, இது மரமில்ல, இரும்பு" என்று புறுபுறுத்தார். ஆனால் அந்தப் பாரம்தான் எங்களுக்கு வேணும். மேசை ஆடினால் சோல்டரும் ஆடும்.

மிச்சத்தை எல்லாம் அம்மாவிடம் படித்தேன். அம்மா இருபது வருசமாக விறாந்தையில் தையல் மெசின் வைத்து உழைக்கிறவ. அவவின் மேசையை யாரும் ஒரு வடிவமைப்பு என்று சொன்னதில்லை. ஆனால் கத்தரிக்கோல் தொங்கிற இடம் மாறினதே இல்லை. குண்டூசி கொட்டினால் அவ தேடமாட்டா. பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தை நிலத்தில் ஒரு இழுவை இழுப்பா. எம்3 ஸ்க்ரூவுக்கும் அதே காந்தம்தான். மேசைக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தோம், கறுத்தச் சாமான் விழுந்தால் கண்ணுக்குத் தெரிய. வெளிச்சம் ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் வந்தால் கையின் நிழல் வேலையில் விழும் என்பதும் அம்மா சொன்னதுதான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்ப் போட்டோம். ரோர்ச் பிடிக்கிற வேலை அன்றோடு ஒழிந்தது. எனக்கு ஆகச் சந்தோசம் தந்த மாற்றம் அதுதான்.

ரொபோவுக்கென்றே சில ஏற்பாடுகள் வேணும். மேசையில் வைத்து மோட்டரைச் சோதித்தால் அது ஓடிப்போய்க் கீழே விழும். ஆகவே நடுவுடம்பு மட்டும் தங்குகிற மாதிரி இரண்டு கட்டை. சில்லுகள் ஒரு அங்குலம் அந்தரத்தில் சுத்தும். சூரிய வெளிச்சத்திலும் இன்ஃப்ராரெட் நிறைய இருக்கிறது. பின்னேர வெயில் யன்னலால் விழுந்தால் சென்சர் குழம்பும். சோதனைக் கோடு ஒட்டின பலகையை யன்னலுக்கு எட்டாத பக்கம் வைத்து, அம்மாவிடம் மிஞ்சின துணியில் திரை போட்டோம்.

கரன்ட் விசயத்தில் விளையாட்டு இல்லை. மேசைக்கு வருகிற 230 வோல்ற்றையும் ஒரே அடியில் நிற்பாட்டுகிற சுவிட்ச் முன் முனையில், யாருக்கும் எட்டுகிற இடத்தில். சோல்டரிங் அயன் 350 பாகை செல்சியஸ் வரைக்கும் சுடும். அதற்குத் தாங்கி, யன்னல் பக்கம் புகையை இழுக்க ஒரு பழைய கொம்பியூட்டர் விசிறி. ஈயம் தொட்ட கையோடு சாப்பிடக்கூடாது. லித்தியம் பொலிமர் பற்றரியை மேசையில் சார்ஜ் பண்ணவே கூடாது. அதன் ஒரு செல் 4.2 வோல்ற்றுக்கு மேலே போகவும் கூடாது, 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவும் கூடாது. ஊதினால் திரும்பப் பாவிக்கக்கூடாது. கதவடிச் சீமெந்து நிலத்தில் ஒரு மண்சட்டி வைத்திருக்கிறோம். சார்ஜ் அதற்குள்தான், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்போது மட்டும்.

சுவர்ப் பலகையில் ஒவ்வொரு ஆயுதத்தையும் வைத்து அதன் உருவத்தைச் சுற்றிக் கோடு கீறினோம். குறடு எடுத்தால் குறடு வடிவத்தில் வெறும் இடம் தெரியும். போட்டிக்கு இரவு பஸ் ஏறுமுன் எது பெட்டிக்குள் போனது, எது மேசையில் மறந்து கிடக்கிறது என்று பார்க்க ஒரு நிமிசம் போதும். தட்டத்திலும் அதே ஒழுங்கு. அங்கே ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் ஸ்க்ரூட்ரைவரைத் தேடிக்கொண்டு நிற்க ஏலாது. தட்டத்தின் மூடியில் தங்கச்சி நாலு வரி எழுதி ஒட்டியிருக்கிறாள்: சில்லு இறுக்கம், வயர் இழுத்துப் பார், பற்றரி வோல்ற், சென்சர் துடை.

மேசை வந்து எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். பெட்டையள் இப்பவும் பிந்தித்தான் வருகிறார்கள். ஆறு மணிக்கு இப்பவும் வீட்டில் இருந்து போன் வரும். அதை ப்ளைவுட் வெட்டித் திருத்த ஏலாது. போன போட்டியில் குழு இரண்டாம் சுற்றோடு வெளியே வந்தது. ஆனால் முதல் சுற்றுக்குப் பிறகு இடப்பக்க மோட்டர் நின்றபோது அதைக் கழற்றி மாற்றினது தங்கச்சி. அவள் கேட்டு வாங்கிச் செய்யவில்லை, யாரும் விட்டுக்குடுக்கவும் இல்லை. அவள் நின்ற பக்கத்தில்தான் அந்த மோட்டர் இருந்தது. அந்த வேலை அவளுக்குத் தெரிந்திருந்தது.

பாடசாலையிலோ ஊரிலோ குழு வைத்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்லலாம். புது மேசை செய்யக் காசு இல்லாவிட்டால் பரவாயில்லை. இருக்கிற மேசையைச் சுவரில் இருந்து மூன்று அடி இழுத்துப் போடுங்கோ. அந்த மூன்று அடிக்குள் யார் வந்து நிற்கிறார்கள் என்று பாருங்கோ.