குறைமாதக் குழந்தையுடன் பேசுங்கள்

கருவுற்று 37 வாரங்கள் நிறையுமுன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். உலகிற் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று இத்தகையது. 2020இல் இவ்வாறு பிறந்தோர் 1 கோடி 34 இலட்சம் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. பிள்ளை பிழைக்குமா என்பதே முன்னர் பெற்றோரின் ஏக்கமாக இருந்தது. மருத்துவம் வளர்ந்துவிட்ட இன்று, பிழைத்த பிள்ளை உரிய காலத்திற் பேசுமா என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

சிசுவின் செவி ஏறத்தாழ 25ஆம் வாரத்திற் கேட்கத் தொடங்குகிறது. கருவறையில் அதற்கு அதிகம் கேட்பது தாயின் குரல். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அக்குரல் அற்றுப்போகிறது. கண்ணாடிப் பெட்டியினுள் அதற்குக் கேட்பவை இயந்திரங்களின் இரைச்சலும் எச்சரிக்கை மணிகளுமே.

அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் மெலிண்டா காஸ்கி, பெற்றி வோர் ஆகிய வைத்தியர்களும் அவர்தம் குழுவினரும் இதை ஆராய்ந்தனர். 1,250 கிராமுக்கு மேற்படாத நிறையுடன் பிறந்த 36 குழந்தைகளின் அருகே சிறிய ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, 16 மணிநேர ஒலிகளைப் பதிவு செய்தனர். 2011இல் வெளிவந்த முடிவு வியப்பூட்டியது. 32ஆம் வாரத்திலேயே, அதாவது பிறந்திருக்க வேண்டிய நாளுக்கு எட்டு வாரங்கள் முன்னரே, அச்சிசுக்கள் குரல் எழுப்பின. பெற்றோர் பேசியபோது அக்குரல்கள் கூடின. பெரியோரின் பேச்சை அதிகம் கேட்ட பிள்ளைகள் 18 மாத மொழித்தேர்விற் கூடுதலான புள்ளிகள் பெற்றதை 2014இல் வெளியிட்டனர். சிறிய ஆய்வு இது. பேச்சே காரணமென்று இதைக்கொண்டு முடிந்த முடிபாகக் கூறவியலாது. எனினும் பேசுவதற்குச் செலவேதுமில்லையே!

பெற்றோர் கருத்திற் கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளையை, அதன் முதலாவது பிறந்தநாளிற் பத்து மாதப் பிள்ளையாகவே கணிக்க வேண்டும். இரண்டு வயதுவரை இக்கணக்கே வைத்தியர்களின் வழக்கம். அயலவரின் பிள்ளையுடன் ஒப்பிட்டு மனம் வாடுவது வீண். அதேவேளை, வளர்ந்தால் எல்லாம் சரிவரும் என வாளாவிருப்பதும் தகாது. செவிப் பரிசோதனை அவசியம். சொற்களைத் தடையின்றிப் பேசும் சில பிள்ளைகளும், பாடசாலைப் பருவத்தில் நீண்ட வாக்கியங்களை விளங்கிக்கொள்ள இடர்ப்படுவதுண்டு.

கண்ணாடிப் பெட்டியின் முன் நிற்கும் தாயும் தந்தையும் அச்சத்தால் வாயடைத்துப் போகின்றனர். கருவிகளை இயக்கத் தாதியர் உள்ளனர். தாய் தந்தையின் குரலைப் பிள்ளைக்கு அளிக்க வல்லவர் அவர்கள் மட்டுமே. எந்நாட்டில் வாழ்ந்தாலும், தமக்கு இயல்பாக வரும் மொழியில், மெல்லிய குரலில், பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசட்டும்.