மோரேயில் ஒரு பகல்

இம்பாலிலிருந்து மோரேக்குச் செல்லும் சாலை பல்லேல் வரையில் சாதுவானது. இரு மருங்கிலும் நெல்வயல்கள், மூங்கில் வேலிகள், வாசலில் குளம் வெட்டிய வீடுகள். பல்லேலைத் தாண்டியதும் மலை எழும்புகிறது. தெங்னௌபால் உச்சியை அடைந்தபோது மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் புலப்படவில்லை. மொத்தத் தூரம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர்தான். ஆயினும் சோதனைச் சாவடிதோறும் இறங்கிப் பெயரெழுதிக் கைப்பையைத் திறந்து காட்டிப் புறப்பட்டதில், விடியற்காலையில் கிளம்பிய நாங்கள் மோரே சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

அது 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். வெளிமாநிலத்தார் மணிப்பூருக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் பெறவேண்டும் என்ற விதி அவ்வாண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் அங்கு அமலுக்கு வந்திருந்தது. கல்கத்தாவிலிருந்து வந்து இறங்கிய நாங்களும் வரிசையில் நின்று அச்சீட்டைப் பெற்றோம். சொந்த தேசத்திலேயே அநுமதிச் சீட்டா என்று எங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டோம். மறுநாள் மாலைக்குள் அந்த முணுமுணுப்பை நினைத்து நாங்களே வெட்கப்பட நேர்ந்தது.

மோரே ஒரு சிறிய எல்லை ஊர். குக்கிகள், மைத்தேயிகள், நாகர்கள், நேபாளிகள், பஞ்சாபிகள் எனப் பல இனத்தார் வாழ்ந்த அவ்வூரின் நடுவே தென்னாட்டுக் கோபுரம் ஒன்று நிமிர்ந்து நின்றது. அங்காள பரமேஸ்வரி அம்மன் கோயில். அருகிலே தமிழ்ச் சங்கம். இட்டிலி வேகும் வாசனை தெருவுக்கு வந்து எங்களை அழைத்தது. பர்மிய எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இத்தனை தமிழர் எவ்வாறு வந்து சேர்ந்தனர்? இந்த வினாவை அந்த இட்டிலிக் கடையிலேயே கேட்டோம். கடைக்காரரின் தாயார், எழுபது வயதை நெருங்கியவர், எங்களுக்கு விடை கூறினார்.

“நாங்க இந்த ஊருக்கு வரணும்னு வரலை, தம்பி. இந்த ஊரைத் தாண்டிப் போகத்தான் வந்தோம்.”

அவருடைய விடை விளங்கச் சிறிது பழங்கதை வேண்டும். 1937 ஏப்ரல் முதல் தேதி வரையில் பர்மா இந்தியப் பேரரசின் ஒரு மாகாணம். சென்னையிலோ நாகையிலோ கப்பலேறி ரங்கூனில் இறங்குபவனிடம் பாஸ்போர்ட்டும் விசாவும் யார் கேட்டார்கள்? 1931-ஆம் ஆண்டுக் கணக்கின்படி பர்மாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் இருந்தனர். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் அவர்களே. வட்டிக் கடை வைத்தவர் சிலர், மூட்டை தூக்கியவரும் நெல் அறுத்தவருமே பலர். மண்ணின் மக்களுக்கு இதனால் மனக்கசப்பு உண்டானதையும் நாம் மறைக்கலாகாது. விலைவீழ்ச்சிக் காலத்தில் கடனுக்கு ஈடாகக் கீழ்ப்பர்மாவின் நெல் வயல்கள் பெருமளவில் செட்டிமார் கைக்கு வந்து சேர்ந்தன. நிலத்தை இழந்த குடியானவன் வந்தேறியை வாழ்த்துவான் என்று எதிர்பார்க்க முடியுமா?

பிரிவினைக்குப் பின் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. அநுமதியோ விசா பெற்ற பாஸ்போர்ட்டோ இன்றி அயலார் நுழையலாகாது என்று 1947-இல் ஒரு சட்டம் வந்தது. சுதந்திரம் பெற்ற பர்மா 1948-இல் குடியுரிமைச் சட்டம் இயற்றி, நெடுங்காலம் தங்கியிருந்தவர்கள் விரும்பினால் பர்மியப் பிரஜையாகலாம் என்று வாய்ப்பளித்தது. அதற்கெனத் தவணையும் வைத்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டோர் சிலரே.

“உங்கள் தகப்பனார் ஏன் எழுதிக் கொடுக்கவில்லை?” என்று கேட்டோம்.

“அப்பா முப்பது வருஷமா அங்கே கடை வச்சிருந்தவரு. ஊருக்கே அவரைத் தெரியும். நான் இங்கேதான் இருக்கேன்னு யாருக்குக் காகிதம் எழுதணும்னு கேட்டாராம்.”

அந்தப் பதிலைத்தான் நாங்கள் இன்றளவும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். புதிதாக வந்தவன் வாசலிலேயே காகிதம் கேட்கப்பட்டு எச்சரிக்கையோடு இருக்கிறான். பல்லாண்டு தங்கியவனோ தன்னைத் தெரிந்த அண்டை அயலாரையே தன் அத்தாட்சியாக எண்ணிவிடுகிறான். விதி மாறும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பவன் அவனே.

பிரஜையாகாதவர்கள் அந்நியராகப் பதிவு செய்துகொண்டு, ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்தப் பதிவுப் புத்தகத்தைப் பாட்டியம்மாள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். பர்மிய எழுத்தில் முத்திரைகள், அட்டையில் கரையான் அரித்த தடம். தகப்பனார் ஒருவருஷமும் தவறாமல் கட்டியிருக்கிறார். பிரஜையாக எழுதிக் கொடுக்க ஒருநாள் செலவிடாதவர், அந்நியராக இருப்பதற்கு ஆண்டுதோறும் விலை கொடுத்தார்.

1962 மார்ச்சில் இராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் கடைகள் தேசியமயமாயின. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுக்கள் செல்லாக்காசாயின. பிழைப்பையும் சேமிப்பையும் ஒருங்கே இழந்து, லட்சக்கணக்கான இந்தியர் கப்பலேறினர். நகையைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள் பலர். சென்னைக் கடற்கரைச் சாலையில் ‘பர்மா பஜார்’ தோன்றியதன் காரணம் இதுவே.

ஆனால் தமிழ்நாடு பலருக்கு அயலூராகவே இருந்தது. பேசும் தமிழில் பர்மியம் கலந்திருந்தது. உறவினர் வீட்டுத் திண்ணை சில வாரங்களில் சலித்தது. “போய்விடுவோம்” என்று ஒரு கூட்டம் புறப்பட்டது. ரயிலேறி அஸ்ஸாம் வழியாக மணிப்பூர் வந்து, இம்பாலிலிருந்து மலைச் சாலையில் இறங்கிற்று. 1942-இல் ஜப்பானியருக்கு அஞ்சி, பர்மாவிலிருந்து ஆயிரமாயிரம் பேர் நடந்து வந்த வழிகளுள் அதுவும் ஒன்று. இவர்கள் அதே வழியில் எதிர்த்திசையில் நடந்தார்கள். எல்லையில் பர்மியக் காவலர் தடுத்துத் திருப்பினர். சென்னைக்குத் திரும்பவும் மனமில்லை. நின்ற இடத்திலேயே கொட்டகை போட்டனர். மோரேயில் தமிழர் வாழ்வு இவ்வாறே வேரூன்றியது.

பாட்டியம்மாளின் அக்காள் மட்டும் மணமாகிப் பர்மாவிலேயே தங்கிவிட்டார். அவருடைய மக்களை 1982-இல் வந்த மற்றொரு குடியுரிமைச் சட்டம் எதிர்கொண்டது. அது பிரஜைகளை மூன்று தரமாகப் பிரித்தது. அங்கேயே பிறந்தவர்களும், பாட்டன் எந்த ஆண்டு கரையிறங்கினான் என்பதற்குச் சான்று தேடி அலைந்தனர்.

அன்று பிற்பகல் அந்த அக்காளின் மகன் நம்பாலோங் சந்தைக்கு வருவதாக இருந்தார். எல்லைக் கதவுக்கு அடுத்தாற்போல் பர்மிய மண்ணில் இருப்பது அச்சந்தை. பாட்டியம்மாள் காப்பித்தூள், மஞ்சள்தூள், இரண்டு வேட்டிகள் அடங்கிய பையுடன் கிளம்ப, நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம். எல்லையோர மலைக்குடியினர் இருபுறமும் 16 கிலோமீட்டர் வரை விசா இன்றிச் சென்றுவரலாம் என்பது அப்போதைய ஏற்பாடு. 2004-க்கு முன் அது 40 கிலோமீட்டர். 2018 ஆகஸ்டிலிருந்து பாஸ்போர்ட்டும் விசாவும் உள்ளவர்கள் தரைவழியே நெடுந்தூரம் போகவும் வழி திறந்திருந்தது. எங்களுக்கும் பாட்டியம்மாளுக்கும் கிடைத்தது பகல் அநுமதி. அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டுக் கதவைக் கடந்தோம். இருபது அடி நடந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது.

பெரியம்மாள் வரவில்லை, முழங்கால் வலி. மகன் அவரைக் கைப்பேசியில் அழைத்துத் தாயாரின் தங்கையிடம் கொடுத்தார். சகோதரிகள் பர்மியத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்து, மறுபடியும் பர்மியத்துக்கே போய்விட்டனர். நாங்கள் ஒரு கடையில் கெள ஸ்வே உண்டோம். மிக நன்றாயிருந்தது. சென்னையில் ‘அத்தோ’ என்று விற்பதற்கு இதுவே மூலம் போலும். மாலைக்குள் திரும்பவேண்டுமென்று பாட்டியம்மாள் அவசரப்படுத்தினார். ஐம்பது ஆண்டுப் பழக்கம் அவருக்கு நேரத்தைக் கற்றுக் கொடுத்திருந்தது.

அடுத்த மாதமே கொள்ளைநோய் அச்சத்தால் எல்லைக் கதவு மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் அப்புறம் மீண்டும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 2023 மே மாதத்தில் இப்புறம் மணிப்பூரில் கலவரம் மூண்டு, மோரேயிலும் வீடுகள் எரிந்தன. 2024 பிப்ரவரியில் சுயேச்சைப் போக்குவரத்து ஏற்பாட்டை நீக்கப்போவதாக நம் அரசு அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில் 16 கிலோமீட்டர் 10 ஆகக் குறைந்து, அதற்கும் தனிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று.

பாட்டியம்மாளின் குடும்பம் கடையைப் பூட்டிவிட்டுச் சென்னை சென்றது. வியாசர்பாடியில் ஒரு பேரன் வீட்டில் இருக்கிறார். சென்ற பொங்கலன்று வணக்கம் சொல்ல அழைத்தோம். உடம்பைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். பிறகு, தம் தகப்பனாரின் பதிவுப் புத்தகத்தை அவசரத்தில் மோரே வீட்டுப் பரணிலேயே விட்டுவிட்டதாகவும், நாங்கள் மறுபடி அப்பக்கம் போனால் எடுத்துவர முடியுமா என்றும் கேட்டார். வீடு எந்தத் தெருவில், எத்தனையாவது கதவு என்று குறித்துக்கொண்டோம்.