பின்னால் வரும் காலடிகள்

கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமத்துக்கு நடக்க வருகிறவர்கள் கிளம்புமுன் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "ஏத்தம் நிறைய இருக்குமா?" போகும்போது முழுக்க இறக்கம்தான் என்றதும் முகம் மலர்ந்துவிடும். பெரியகுளத்துப் பக்கம் சமவெளியில் வளர்ந்தவன் நான். வழிகாட்டி வேலை பழக வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏறுவதற்குத் தெம்பு வேண்டும்; இறங்குவதற்கு என்ன, கால் தானாகப் போகும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் அதைக் கேட்டுச் சிரிக்கக்கூட இல்லை. "தானாப் போற காலை நிறுத்தப் பழகத்தான் தம்பி நீ வந்திருக்க" என்றார்.

அண்ணன் வெள்ளகவியிலேயே பிறந்தவர். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. ஆளும் சாமானும் அடிவாரத்திலிருந்து நடைபாதையில்தான் ஏறின. கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக ஏறுவது அப்படியான பழைய தடங்களில் ஒன்று. மேலே சாலை வந்து ஊரே மாறிய பிறகும் வெள்ளகவிக்கு நெடுங்காலம் சாலை வரவில்லை. காப்பிக்கொட்டையும் எலுமிச்சையும் குதிரை முதுகில் போகும். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் கம்பில் போர்வையைக் கட்டி டோலி தூக்க வேண்டும். அண்ணன் இளவயதில் டோலி தூக்கியவர். இறக்கத்தில் பாரம் முழுக்க முன்னால் போகிறவன் தோளில் வந்து இறங்கும். அதனால் உயரமான ஆளைத்தான் முன்னால் விடுவார்களாம். முன்னால் போகிறவன் ஒரு கல்லில் வழுக்கினால் போர்வைக்குள் இருப்பவர் கதி என்ன? அண்ணனின் நடை அங்கே உருவானது. நான் பைக்கில் ஊர் சுற்றி வளர்ந்தவன்.

முதல் பாடம் ஷூ கயிறு. இதைச் சொல்லும்போது அவர் காலில் ரப்பர் செருப்புதான் இருந்தது. ஏற்றத்துக்குக் கட்டுவது போல இறக்கத்துக்குக் கட்டக்கூடாது. குதிகாலைத் தரையில் ஒருமுறை தட்டி, பாதத்தை ஷூவின் பின்பக்கம் ஒட்டவைத்து, கணுக்காலுக்குக் கீழே உள்ள துளைகளில் கயிற்றை இறுக்க வேண்டும். விரல் நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். நான் அசட்டையாகக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஊர் போய்ச் சேர்ந்தபோது கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்துவிட்டன. அண்ணன் பார்த்தார். மருந்து எதுவும் சொல்லவில்லை. "திரும்ப ஏறணும், கெளம்பு" என்றார்.

அடுத்தது முழங்கால். காலை விறைப்பாக நீட்டி வைத்தால் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் இடுப்பு வரை ஏறும். "லாரிக்குப் பட்டை எதுக்குப் போட்டிருக்கான்? அது மாதிரி முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வை" என்பார். எட்டு சிறிதாக இருக்க வேண்டும். பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படிய வேண்டும். செங்குத்தான இடத்தில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. ஆனால் பயம் வந்ததும் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் குதிகால் வழுக்கும். நான் உட்கார்ந்தபடி விழுந்த இடங்களை இப்போதும் அடையாளம் காட்ட முடியும்.

கைக்கம்பைக் காட்டில் ஒடிக்க விடமாட்டார். தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் கழித்த கிளைகளைச் சீவி வைத்திருப்பார். இறக்கத்துக்குக் கம்பு சற்று நீளமாக வேண்டும். கீழ்ப்படியில் ஊன்றும்போதும் உடம்பு குனியக்கூடாது. கம்பு முதலில், கால் அப்புறம். நான் வெகுநாள் இரண்டையும் ஒன்றாகவே வைத்தேன். கம்பு நழுவும்போது காலும் சேர்ந்து நழுவும்.

ஆட்களைக் கூட்டிப்போவது இதைவிடக் கடினம். முதன்முதலாக முன்னால் போகும் இடம் எனக்குக் கிடைத்தபோது என் நடையை நன்றாகக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. குழு கயிறு அறுந்தாற்போல் நீண்டுவிட்டது. யார் எங்கே என்று பார்க்க நடந்தபடியே திரும்பினேன், சறுக்கினேன். அதற்குள் கீழிருந்து மஞ்சு ஏறி வந்து பாதையை மூடியது. படம் எடுக்க நின்ற இருவர் ஒரு வளைவுக்கு மேலே தனியாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் போய் அழைத்து வந்தார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "இனிமே நீ கடைசியில வா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பருவம் முழுக்கக் கடைசியில்தான் வந்தேன்.

ஊருக்குள் யாரும் செருப்புப் போடமாட்டார்கள். தெய்வங்கள் இருக்கிற மண் என்பது நம்பிக்கை. எல்லையில் நான் அதை உத்தரவு போலச் சொன்னேன். காலெல்லாம் கொப்புளமான ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். மறுமுறை அண்ணன் என்ன செய்தார் என்று கவனித்தேன். எல்லைக்குச் சற்று முன்னால் நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். கேள்வி கேட்டவர்களுக்கு மட்டும் காரணம் சொன்னார்.

2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 தடங்களை இணையப் பதிவுடன் திறந்தது. எங்கள் தடமும் அதில் ஒன்று. போதைப்புல் என்னும் மலைப்புல் காய்ந்து தீ அபாயம் கூடும் மாதங்களில் தடத்தை மூடிவிடுவார்கள். மற்ற மாதங்களில் அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் கேட்பார்: "இப்பப் புகை வந்தா எங்க போவ?" நான் மேலே கை காட்டினேன். தவறு. தீ மேட்டுப்பக்கம்தான் வேகமாக ஏறும். கீழே எரியும் தீயின் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே வாட்டிவிடும். மொட்டைப் பாறையும் ஓடையும் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் ஒரு வளைவையும் கடக்கக்கூடாது. தடம் இன்னும் எனக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது, பாறை பாறையாக.

கடைசியில் நடந்ததில் ஒரு லாபம். முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்தும் காலடியைக் கேட்டும் பொழுது போக்கினேன். களைத்தவர் கால் தூக்காமல் இழுப்பார், சரளை உரசும். பயந்தவரின் கம்பு இரண்டு தடவை தட்டும். மீண்டும் முன்னால் போக அனுமதி கிடைத்த அன்று நான் திரும்பிப் பார்க்காமலே நின்றேன். எனக்குப் பின்னால் மூன்றாவதாக வந்த அம்மாவிடம், "கொஞ்சம் உட்காருங்கம்மா" என்றேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கேட்டால் முழங்கால் வலி. நகம் கறுத்தவர் அன்று யாருமில்லை.

அண்ணன் முன்கூட்டியே ஊருக்குப் போய் திண்ணையில் இருந்தார். பாராட்டுவார் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "கடைசி வளைவுல கல்லு உருண்டுச்சே, அது யாரு?" என்றார். நான்தான். சொன்னேன். காப்பி வந்தது, குடித்தோம்.